நாடிக் கணக்கு

கார்த்திகை 19

பிள்ளையார் சுழி போட்டாயிற்று. நாற்பது வருஷம் அடுத்தவர் கடைக்குப் பேரேடு எழுதிய கை இது. இப்போது என் நெஞ்சுக்கே கணக்கு எழுத வேண்டியதாகிவிட்டது.

ஐப்பசியில் ஒரு நாள் விடியற்காலை, முகப்பில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். நெஞ்சுக்குள் யாரோ கோழியைப் பிடித்து அடைத்த மாதிரி படபடப்பு. ஓடி வந்தவன் நெஞ்சும்தான் அடித்துக்கொள்ளும், ஆனால் அதில் ஓர் ஒழுங்கு இருக்கும். இதில் இல்லை. இரண்டு வேகமாக வரும், ஒன்று தாமதமாக வரும், ஒன்று வராமலே போகும். கோட்டையூரிலிருந்து காரைக்குடிக்கு ஆட்டோவில் போய் இசிஜி எடுத்ததில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்றார் டாக்டர். இதயத்தின் மேலறை சுருங்கி விரியாமல் சும்மா நடுங்குகிறதாம். எனக்கு வந்திருப்பது வந்து வந்து போகிற வகை.

அவருக்குப் படபடப்பைவிட ரத்தக்கட்டு பற்றித்தான் கவலை. இடது மேலறையில் காது மடல் போல ஒரு சின்னப் பை இருக்கிறது. அறை நடுங்கும்போது ரத்தம் அங்கே தேங்குகிறது. "ஊருணியில் வரத்து இல்லாத மூலையில்தானே முதலில் பாசி பிடிக்கும்" என்றேன். "அதேதான் செட்டியாரே" என்றார். அங்கே கட்டிய துணுக்கு மூளைக்குப் போனால் பக்கவாதம். மற்றவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு ஆபத்து. 65 வயது தாண்டியதற்கு ஒரு புள்ளி, பிரஷருக்கு ஒரு புள்ளி என்று கூட்டி எனக்கு இரண்டு போட்டார். அந்தக் கூட்டலுக்கு, ரத்தம் கட்டாமல் தடுக்கும் அபிக்சபான் 5 மில்லிகிராம், காலையில் ஒன்று, இரவில் ஒன்று.

கார்த்திகை 24

சிங்கப்பூரிலிருந்து மகன் பார்சல் அனுப்பியிருக்கிறான். மீன் எண்ணெய் மாத்திரை, மெக்னீசியம், கோ-க்யூ-டென் என்று மூன்று புட்டிகள். கூடவே நாடி பார்க்கும் கைக்கடிகாரம். "அப்பச்சி, மீன் எண்ணெய் காலையில ரெண்டு, ராத்திரி ரெண்டு. ஹார்ட்டுக்கு நல்லது" என்று போனில் சொன்னான்.

கணக்குக்காரன் புத்தி, லேபிளைப் படிக்காமல் விடுமா? முன்பக்கம் கொட்டை எழுத்தில் 1000 மில்லிகிராம். பின்பக்கம் எறும்பு எழுத்தில் இபிஏ 180, டிஎச்ஏ 120. வேலை செய்கிற சரக்கு, அதாவது ஒமேகா-3 கொழுப்பு, 300தான், மீதி வெறும் எண்ணெய். சாக்கோடு நிறுத்துவிட்டு நெல்லுக்குக் காசு கேட்கிற கதை.

இதற்கிடையில் தேவகோட்டையிலிருந்து ஆச்சி, அதாவது என் அக்காள், மருதம்பட்டைப் பொடி கொடுத்தனுப்பியிருக்கிறாள். நெஞ்சு நோவுக்கு நம் ஊர் வைத்தியத்தில் காலங்காலமாகச் சொல்கிற பட்டை. பாலில் காய்ச்சிக் குடித்தேன். துவர்ப்பு நாக்கை இழுத்துப் பிடித்தது.

மார்கழி 1

திருவெம்பாவை தொடங்கிவிட்டது. நாலரைக்கு எழுந்து கோயிலில் முதல் குரல் நான்தான் எடுக்க வேண்டும். பனியில் தொண்டை கட்டாமல் இருக்க வழக்கம் போல அதிமதுரம் வாங்கி வைத்தாயிற்று. ஒரு துண்டு கன்னத்தில், ஒரு டம்ளர் கஷாயம் ராத்திரியில். நடு நடுவே இன்னொரு துண்டு.

மார்கழி 4

பேரன் லீவுக்கு வந்திருக்கிறான். "ஐயா, இதைப் படிங்க" என்று செல்போனில் ஒரு பழைய கதையை எடுத்துக் கொடுத்தான். 1912இல் வெங்கபாக் என்ற டாக்டரிடம் ஒரு டச்சு வியாபாரி போகிறார். இதே நோய். "இதற்கு மருந்து இல்லை" என்கிறார் டாக்டர். வியாபாரி விடவில்லை. "என் தொழிலில் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும், நெஞ்சிலும் அப்படித்தான். கொயினா (மலேரியாவுக்குக் கொடுக்கும் மரப்பட்டை மருந்து) சாப்பிட்டால் எனக்கு நின்றுபோகிறது, நாளைக்குச் செய்து காட்டுகிறேன்" என்று சொல்லி, மறுநாள் சீரான நாடியோடு வந்து நின்றாராம். 1914இல் வெங்கபாக் அதை எழுதி வைத்தார். அதன் வழியாக 1918இல் குயினிடின் என்ற மருந்து வந்தது. பிறகு அதே குயினிடின் சிலருக்கு வேறு விதமாகத் துடிப்பைக் கெடுத்து உயிருக்கே உலை வைப்பதும் தெரிந்தது. இப்போது அதிகம் எழுதுவதில்லை.

அந்த வியாபாரியை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எங்கள் ஐயாவும் ரங்கூன் கடையில் இருந்தபோது காய்ச்சலுக்குப் பயந்து கொயினா விழுங்கியவர்தான். மரப்பட்டையிலிருந்து மருந்து வரும் என்பது நமக்குப் புதிதல்ல. எந்த அளவு, யாருக்கு, எத்தனை நாள் என்பதில்தான் சூட்சுமம்.

மார்கழி 7

ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். நேற்றும் இன்றும் அபிக்சபான் போடவில்லை. பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. அக்காளிடம் சொன்னேன். "ரத்தத்தைத் தண்ணியாக்குற மாத்திரை எதுக்குடா? மருதம்பட்டை குடிக்கிறே, மீனெண்ணெயும் ரத்தத்தை இளக்கும்னு உன் மகன் சொல்றான். அது போதாதா?" என்றாள். எனக்கும் அது கணக்குச் சரியாக இருப்பது போலத்தான் பட்டது.

மார்கழி 9, இரவு

பிள்ளையார் நோன்பு. கார்த்திகை தீபத்திலிருந்து 21 நாள், நாளுக்கு ஒன்றாகக் கோடி வேட்டியிலிருந்து எடுத்த 21 இழைகள். திரித்து, இழை மாவில் செருகி, நெய்யில் நனைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். வீட்டுக்கு மூத்தவன் என்பதால் எல்லாருக்கும் இழை எடுத்துக் கொடுத்தது நான். பேரன் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினான். கடைசியில் என் முறை. வெல்லமும் நெய்யும் சூடாகத் தொண்டையில் இறங்கியது. அது இறங்கி முடிவதற்குள் நெஞ்சில் கோழி எழுந்துவிட்டது.

பட்டாலைத் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பேரன் என் விரலைக் கடிகாரத்தில் வைத்து 30 விநாடி எண்ணினான். நிமிஷத்துக்கு 138. திரையில் ஓடிய கோடுகளுக்கு இடையில் ஒன்றுக்கொன்று ஒட்டாத இடைவெளி. மனைவி ஆவாரம்பூவையும் பொரித் தட்டையும் அப்படியே விட்டுவிட்டுத் தண்ணீர் கொண்டு வந்தாள். மூன்றரை மணி நேரம் நீடித்தது. இந்த மாதத்தில் இது ஐந்தாவது முறை. ஐப்பசி முழுக்கவே இரண்டுதான்.

மார்கழி 10

"வீட்டில் சாப்பிடுவது எதுவோ அத்தனையையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்" என்று டாக்டர் போனில் சொல்லியிருந்தார். பெரிய ஓலைக் கொட்டானில் போட்டு எடுத்துப் போனேன். மேஜையில் வரிசையாக வைத்தார். நோன்புப் பலகாரம் பரப்பியது போல இருந்தது.

முதலில் திட்டு, இரண்டு நாள் மாத்திரையை விட்டதற்கு. அபிக்சபானின் வேலை உடம்பில் ஒரு நாள், இரண்டு நாளிலேயே வடிந்துவிடுமாம். காவல்காரனை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைத்த கதை. மீன் எண்ணெயோ மருதம்பட்டையோ அந்த இடத்தில் நிற்காது. உண்மையில் அவை ரத்தக்கசிவைக் கூட்டினாலும் கூட்டும், பக்கவாதத்தைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஈறில் ரத்தம் வந்தால் என்னிடம் சொல்லுங்கள், அக்காளிடம் அல்ல என்றார்.

அடுத்து மீன் எண்ணெய். 2018இல் வந்த ஒரு பெரிய ஆய்வில் நாளுக்கு 4 கிராம் சுத்தமான இபிஏ கொடுத்தார்கள். மாரடைப்பு குறைந்தது. ஆனால் இந்தத் துடிப்புக் கோளாறுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் மருந்து தின்ற கூட்டத்தில் 3.1 சதவீதம், தின்னாத கூட்டத்தில் 2.1. அளவு கூடக் கூட இந்த ஆபத்தும் கூடுகிறது. 2023இல் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த வகை மருந்துகளின் பக்கவிளைவாகவே இதைச் சேர்த்துவிட்டது. குறைந்த அளவில் கெடுதல் குறைவு, ஆனால் துடிப்புக்கு நன்மையும் தெரியவில்லை. "அப்போ அயிரை மீன் குழம்பு?" என்றேன். "அதைத் தாராளமாகச் சாப்பிடுங்கள்" என்றார். பாதி நோய் போன மாதிரி இருந்தது.

மெக்னீசியம் குறைந்திருந்தால் மட்டும், சிறுநீரகம் நன்றாக இருந்தால் மட்டும். மருதம்பட்டைக்கு இந்த நோயில் பலன் உண்டு என்று சொல்ல நல்ல ஆய்வு இல்லை, அதோடு மற்ற மாத்திரைகளோடு அது எப்படிப் பழகும் என்று கணிக்கவும் முடியாது என்பதால் நிறுத்தச் சொன்னார்.

இதற்குள் பிரஷர் பார்த்தார்கள். 164க்கு 96. ஆறு மாதமாக 130இல் நின்றது. ரத்தப் பரிசோதனை வந்தது. பொட்டாசியம் 2.9, 3.5க்குக் குறையக் கூடாது. டாக்டர் பேப்பரைப் பார்த்தார், கொட்டானைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"கன்னத்தில் என்ன ஒதுக்கி வைத்திருக்கிறீர்கள்?"

துப்பிக் காட்டினேன். அதிமதுரத் துண்டு, நார் நாராக.

கொட்டானில் அதை நான் வைக்கவே இல்லை. அதை மருந்து என்று நினைத்தால்தானே வைப்பதற்கு! அதில் இருக்கிற கிளிசரைசின் என்ற இனிப்புச் சத்து, சிறுநீரகத்தை ஏமாற்றி உப்பைப் பிடித்து வைக்கச் சொல்கிறது, பொட்டாசியத்தைக் கொட்டிவிடச் சொல்கிறது. பிரஷர் ஏறுகிறது. நான் போடும் பிரஷர் மாத்திரையோ நீரைப் பிரித்து அனுப்புகிற வகை, அதுவும் பொட்டாசியத்தைக் கொண்டுபோகிறது. இரண்டு பக்கமும் பற்று, வரவே இல்லை. பொட்டாசியம் தாழ்ந்தால் இதயத்தின் மின்சாரம் தடுமாறும்.

"சித்த வைத்தியர் எழுதிக் கொடுத்தாரா?" "இல்லை, நானேதான்." "அவர் கொடுத்திருந்தால் அளவும் நாளும் சொல்லியிருப்பார்" என்றார். சிங்கப்பூர்ப் புட்டிமேல் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன், திருடன் எங்கள் அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறான்.

மார்கழி 13

பொட்டாசியம் சிரப். ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்தும் கடல் தண்ணீரைக் குடித்த மாதிரி. இதற்குப் பதிலாகத் தினம் நாலு இளநீர் குடித்தால் என்ன என்று கேட்டேன். நீங்களாக எதுவும் கூட்டாதீர்கள், பொட்டாசியம் கூடினாலும் நெஞ்சுக்கு ஆபத்துதான் என்று பதில்.

மார்கழி 17

இரண்டு மாதமாக எங்கள் வீட்டில் முருங்கைக்கீரை கிடையாது. காரணம் எதிர்வளவுப் பங்காளி. அவருக்கு உலோக வால்வு. அவர் போடுவது அசினோகூமரால், ரத்தம் கட்டாமல் தடுக்கும் வார்ஃபரின் என்ற பழைய மருந்தின் இனம். கீரையில் இருக்கும் வைட்டமின் கே அந்த மருந்தை எதிர்க்கும், ஆகவே மாதாமாதம் ஐஎன்ஆர் என்ற ரத்தம் உறையும் பரிசோதனை பார்க்கிறார். அவர் சொன்னதைக் கேட்டு மனைவி எனக்கும் கீரையை நிறுத்திவிட்டாள். அபிக்சபானுக்கு அந்தத் தொல்லை இல்லை என்று இன்றுதான் தெரிந்தது. பங்காளியும் கீரையை அறவே விட வேண்டியதில்லையாம், வாரா வாரம் ஒரே அளவாகச் சாப்பிட்டால் போதும். ஆனால் கோ-க்யூ-டென் அவர் தொடக் கூடாது, அது வைட்டமின் கே போன்ற அமைப்பு, மருந்தின் வேகத்தைக் குறைக்கலாம். நல்லவேளை, என் புட்டியை அவருக்குக் கொடுத்துவிடலாம் என்று இருந்தேன்.

மத்தியானம் முருங்கைக்கீரைப் பொரியல். இரண்டு முறை போட்டுக்கொண்டேன்.

மார்கழி 25

காலையில் மூச்சுப் பயிற்சி. நிமிஷத்துக்கு ஆறு மூச்சு, மெதுவாக. கான்சாஸில் லக்கிரெட்டி என்ற டாக்டர் (நம் பக்கத்துப் பெயர்!) 2013இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். 49 பேர், மூன்று மாதம் யோகா. படபடப்பு வந்த தடவைகள் சராசரி 3.8இலிருந்து 2.1 ஆயின. கணக்குக்காரனாக ஒரு குறை சொல்ல வேண்டும்: யோகா செய்யாத கூட்டம் என்று தனியாக ஒன்றை வைத்து ஒப்பிடவில்லை. இருந்தாலும் காசு செலவில்லை, கெடுதல் இல்லை. மாத்திரையோடு சேர்த்துத்தான் செய்கிறேன், அதற்குப் பதிலாக இல்லை.

எடை 81. ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு டாக்டர்கள் 2015இல் சொன்னது இன்னும் பலமான கணக்கு. பருமனானவர்கள் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் துடிப்பு சீராக நிற்கும் வாய்ப்பு ஆறு மடங்கு. எனக்கு அது எட்டுக் கிலோ. இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே மனைவி வெள்ளைப் பணியாரம் கொண்டு வந்து வைத்தாள். இரண்டோடு நிறுத்தினேன், மூன்றாவதைப் பேரனுடையது என்று எழுதிக்கொள்கிறேன்.

தை 3

பொட்டாசியம் 4.2. பிரஷர் 134க்கு 82.

தை 11

பழனிக்குக் காவடி கிளம்பிற்று. குன்றக்குடிக்கு வழியனுப்பப் போய், கூட்டத்தோடு இரண்டு கிலோமீட்டர் நடந்துவிட்டுத் திரும்பினேன். முப்பது வருஷம் முழு நடையும் நடந்தவன். திரும்பி நடக்கும்போது கொஞ்சம் வெட்கமாக இருந்தது. எதிரே வந்த அக்காள் மகன், "அம்மான், முகம் தெளிவா இருக்கு" என்றான். நாடி 76.

தை 20

மகன் போன் செய்தான். "புட்டியெல்லாம் தீர்ந்திருக்குமே அப்பச்சி, அடுத்த செட் அனுப்பவா?" வருத்தப்படுவானே என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, "கடிகாரம் ஒன்று போதும்டா" என்றேன். மீன் எண்ணெய்ப் புட்டியில் மனைவி கடுகு போட்டு வைத்திருப்பதைச் சொல்லவில்லை.

மார்கழிக்கு: 9 தடவை. தைக்கு இதுவரை: 1 தடவை, முந்தாநாள், 11 நிமிஷம். ராத்திரி மாத்திரை போட்டாயிற்று.