மாமா, அத்தையோடு சிங்கப்பூரிலிருந்து ஒரு க்ரூஸ்: ஏறுவதற்கு முன் செய்த வேலைகள்

க்ரூஸ், அதாவது சொகுசுக் கப்பல் பயணம், போய்விட்டு வந்தேன் என்றால் எல்லோரும் முதலில் கேட்பது "எவ்வளவு ஆச்சு?" என்றுதான். இந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்ல முடியாது. இணையத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் தொகை, இரண்டு பேர் தங்கும் அறையில் ஒருவருக்கானது. அதன் மேல் துறைமுகக் கட்டணமும் வரியும் ஏறும். அப்புறம் டிப்ஸ். நாமாகப் பார்த்துக் கொடுப்பது என்று நினைத்துவிடாதீர்கள், ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று அவர்களே கணக்கில் சேர்த்துவிடுவார்கள். ராயல் கரீபியன் போன்ற கப்பல் நிறுவனத்தில் சாதாரண அறைக்கே அது ஒருவருக்கு ஒரு நாளைக்கு 18 அமெரிக்க டாலருக்கு மேல். ஐந்து பேர், நான்கு இரவு என்றால் 360 டாலருக்கு மேல் அங்கேயே போய்விடும். தனியாகப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு பேருக்கான கட்டணத்தையே கட்ட வேண்டியிருக்கும். அதே அறையில் தங்கும் மூன்றாவது, நான்காவது ஆளுக்கோ கட்டணம் நன்றாகவே குறையும். குழந்தைகளோடு போகும் குடும்பத்துக்கு இதுதான் லாபம்.

இந்தியாவில் ஏஜென்ட் மூலம் புக் செய்தால் வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கான டிசிஎஸ் (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். வருமான வரி தாக்கல் செய்யும்போது அதைக் கணக்கில் காட்டித் திரும்ப வாங்கலாம், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். நேரடியாகக் கப்பல் நிறுவனத் தளத்தில் கார்டு தேய்த்தால், வங்கி போடும் வெளிநாட்டு நாணயக் கட்டணத்தையும் சேர்த்துத்தான் இரண்டு விலையையும் ஒப்பிட வேண்டும். நாங்கள் ஏஜென்ட் வழியாகத்தான் போனோம். மாமா, அத்தைக்கு விசா வேலையும் இருந்ததால் அது வசதியாக இருந்தது.

எங்களுக்குத் திருச்சிதான் ஊர். சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருப்பதால் வேறு துறைமுகத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை. எப்போது போவது என்பதற்கு ஒரு யோசனை சொல்கிறேன். சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை ஜூனிலும், நவம்பர் பின்பாதியிலிருந்து டிசம்பர் கடைசி வரையிலும் வருகிறது. அந்த நாட்களில் கப்பல் கட்டணம் எகிறும், நீச்சல் குளத்தில் தண்ணீரை விடத் தலைகள்தான் அதிகம் தெரியும். நம் ஊரில் பள்ளிகள் மூடி, அங்கே இன்னும் மூடாத இடைவெளி மே மாதத்தின் முதல் மூன்று வாரங்கள். நாங்கள் பிடித்தது அதைத்தான். ஆனால் மே மாதத்தில் அந்தமான் கடல் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிடும். அதன் விளைவை, எங்கள் கப்பல் நின்ற தாய்லாந்தின் புக்கெட் தீவு வரும்போது சொல்கிறேன்.

விசாவில்தான் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்குச் சிங்கப்பூர் விசா கட்டாயம். விமானத்தில் போய் இறங்குவது ஒரு நுழைவு. கப்பல் மலேசியா, தாய்லாந்து போய்விட்டுத் திரும்பி வரும்போது நடப்பது இரண்டாவது நுழைவு. அதனால் விசா தாளில் மல்டிபிள் என்று போட்டிருக்கிறதா என்று வந்த அன்றே பாருங்கள். ஏஜென்ட் பார்த்திருப்பார் என்று விட்டுவிடாதீர்கள். விசா செல்லுபடியாகும் காலத்தையும் பாருங்கள், கப்பல் திரும்பி வரும் நாள் அதற்குள் அடங்க வேண்டும். பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும். மாமாவின் பாஸ்போர்ட் முடியும் தறுவாயில் இருந்ததால் முதல் வேலையாக அதைத்தான் புதுப்பித்தோம்.

மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களை விசா இல்லாமல் விடுகிறது. தாய்லாந்தும் 2024 ஜூலையில் 60 நாள் சலுகை கொடுத்தது. இவை அடிக்கடி மாறும் விதிகள். புக் செய்யும் அன்று ஒருமுறை, கிளம்பும் வாரத்தில் ஒருமுறை அந்தந்த அரசின் தளத்தில் பார்த்துவிடுங்கள். "நாங்கள் அங்கே இறங்கப் போவதில்லை, எதற்கு விசா?" என்று வாதாடுகிறவர்கள் உண்டு. பொதுவாகக் கப்பல் நிறுவனங்கள் இந்த வாதத்தை ஏற்காது. வழியில் உள்ள எல்லா நாட்டுக்கும் அனுமதி இருந்தால்தான் ஏற்றுவார்கள்.

விசா தவிர டிஜிட்டல் வருகை அட்டைகள் இருக்கின்றன. மூன்று நாட்டுக்கும் தனித்தனி, மூன்றும் இலவசம், மூன்றையும் வந்து சேரும் நாளுக்கு மூன்று நாள் முன்பிருந்துதான் நிரப்ப முடியும். சிங்கப்பூருக்கு மட்டும் இரண்டு தடவை நிரப்ப வேண்டும், விமானத்தில் வரும்போது ஒன்று, கப்பலில் திரும்பி வரும்போது இன்னொன்று. இரண்டாவதை நிரப்பும் நேரத்தில் நீங்கள் கடலில் இருப்பீர்கள், நெட் இருக்காது. ஆகவே தேதியைக் கணக்குப் பார்த்து, கரையில் சிக்னல் கிடைக்கும் இடத்திலேயே முடித்துவிடுங்கள். கூகுளில் தேடினால் பணம் கேட்கும் போலித் தளங்கள் மேலேயே வரும், ஜாக்கிரதை.

அடுத்து கேபின். எங்கள் வீட்டில் பெரிய விவாதமே இதில்தான் நடந்தது. உள் அறை மலிவு, ஆனால் ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் பகலும் இரவும் ஒன்றுதான். பால்கனி அறைக்கு விலை அதிகம். இரண்டு பால்கனி அறை எடுக்கப் பட்ஜெட் இடம் கொடுக்கவில்லை. கடைசியில் என் கணவர்தான் வழி கண்டுபிடித்தார். மாமா, அத்தைக்குப் பால்கனி அறை. நடைபாதைக்கு நேர் எதிரே எங்கள் மூன்று பேருக்கும் உள் அறை. பகல் முழுவதும் எல்லோரும் பெரியவர்கள் அறையில்தான் இருந்தோம். எங்கள் அறை தூங்குவதற்கும் குளிப்பதற்கும் மட்டும்.

அறை எண்ணை நாமே தேர்ந்தெடுக்கும் புக்கிங்கையே போடுங்கள். அறையை அவர்களே ஒதுக்கும் 'கியாரண்டி' வகை கொஞ்சம் மலிவு, ஆனால் பெரியவர்கள் ஒரு கோடியிலும் நாம் மறு கோடியிலும் மாட்டிக்கொள்ளலாம். இந்தக் கப்பல்களின் நீளம் முந்நூறு மீட்டருக்கு மேல்கூட இருக்கும், முழங்கால் வலிக்காரர்களுக்கு அது சின்ன தூரம் இல்லை. "ஏம்மா, ரொம்ப ஆடுமா?" என்று அத்தை கிளம்பும் வரை கேட்டுக்கொண்டே இருந்தார். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளங்களில் ஆட்டம் குறைவு. லிஃப்டுக்குப் பக்கத்தில், ஆனால் அதற்கு நேரே வாசல் இல்லாமல் பாருங்கள். தள வரைபடத்தைத் திறந்து உங்கள் அறைக்கு மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலேயும் கீழேயும் அறைகளே இருந்தால் நிம்மதி. நீச்சல் குளத் தளத்துக்குக் கீழே எடுத்தால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தத்தில் எழுந்திருக்க வேண்டியதுதான்.

கப்பல் ஏறும் அன்றே விமானத்தில் போய் இறங்குவது வேண்டாம். விமானம் தாமதமானால் கப்பல் நிற்காது, பணமும் திரும்பாது. முந்தைய நாளே போய் ஓர் இரவு தங்கினோம். சிங்கப்பூரில் இரண்டு க்ரூஸ் முனையங்கள் உண்டு. மரினா பே க்ரூஸ் சென்டர் ஒன்று, ஹார்பர்ஃபிரண்டில் இருப்பது இன்னொன்று. இரண்டும் வேறு வேறு இடம், டிக்கெட்டில் எது என்று பார்த்து டாக்ஸி பிடியுங்கள். பெரிய கப்பல்கள் பெரும்பாலும் மரினா பேயில்தான் நிற்கும், அதற்கு மரினா சவுத் பியர் எம்ஆர்டி ரயில் நிலையம் பக்கம்.

பயணக் காப்பீடு வாங்கும்போது க்ரூஸுக்கும் அது செல்லுமா என்று பாலிசியில் படியுங்கள். கப்பல் டாக்டரிடம் சும்மா காய்ச்சலுக்குப் போனாலே பில் டாலரில்தான் வரும். கர்ப்பிணிகளை 24 வாரம் தொட்டுவிட்டால் பொதுவாக ஏற்ற மாட்டார்கள். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கும் அதே கதைதான்.

பெட்டி கட்டும்போது அயர்ன் பாக்ஸ், கெட்டில், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மூன்றையும் விட்டுவிடுங்கள். தீ ஆபத்து என்று ஸ்கேனரில் பிடித்து எடுத்து வைத்துக்கொள்வார்கள். எங்கள் கேபின் சுவர் இரும்புத் தகடு, காந்தக் கொக்கி கச்சிதமாக ஒட்டியது. பைகளையும் தொப்பிகளையும் மாட்ட அவ்வளவு உதவி. இரண்டாம் நாள் காலை மாமா தன் வேட்டியைத் துவைத்துப் பால்கனிக் கம்பியில் போட்டுவிட்டார். அறையைப் பராமரிக்கும் பையன் மிகப் பணிவாக அதை உள்ளே எடுத்து வந்து, குளியலறைக்குள் கூட்டிப்போய் ஷவருக்கு மேலே சுவரில் இருந்த சின்ன வட்டக் குமிழை இழுத்தான். கயிறு நீண்டு எதிர்ச் சுவர்க் கொக்கியில் மாட்டிக்கொண்டது. பால்கனியில் துணி போடக்கூடாது, காற்றில் பறந்துவிடும். மாமா அன்றிலிருந்து ஊர் திரும்பும் வரை பார்க்கிறவர்களிடம் எல்லாம் அந்தக் கயிற்றைப் பற்றித்தான் பேசினார்.

முனையத்தில் பெரிய பெட்டிகளைச் சீட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டால் அவை அறைக்கு வர சாயங்காலம் ஆகலாம். ஆகவே மாத்திரை, பாஸ்போர்ட், குழந்தையின் நீச்சல் உடை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். சில கப்பல்களில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள், நகல் கையில் வேண்டும். கிளம்பும் முன் பாதுகாப்புப் பயிற்சி எல்லோருக்கும் கட்டாயம். அதைத் தட்டிக்கழிக்க முடியாது, தேடிப் பிடித்து வருவார்கள்.

கப்பல் நகர்ந்ததும் போனை ஃப்ளைட் மோடில் போடுங்கள். கரை மறைந்ததும் கப்பலின் சொந்த நெட்வொர்க் பிடித்துக்கொள்ளும். நம் ஊர் ரோமிங் பேக் பொதுவாக அதற்குச் செல்லாது, பில் பயங்கரமாக வரும். வைஃபை தேவை என்றால் ஏறுவதற்கு முன்பே வாங்குவது மலிவு. கப்பலில் செலவுக்கு டெபிட் கார்டு கொடுத்தால் ஒரு தொகையைப் பிடித்து வைத்துக்கொண்டு பல நாள் கழித்து விடுவிப்பார்கள். கிரெடிட் கார்டு நல்லது. குடிக்காத குடும்பத்துக்குப் பானப் பேக்கேஜ் வேண்டவே வேண்டாம். தண்ணீரும் காபியும் பஃபேயில் இலவசம்.

சாப்பாட்டைப் பற்றித்தான் அத்தைக்குப் பயம், சுத்த சைவம். புக் செய்யும்போதே எழுதிக் கொடுத்திருந்தோம். முதல் இரவே உணவறைப் பணியாளரிடம் நேரில் சொன்னதும், மறுநாளிலிருந்து அத்தைக்குத் தனியாகச் சமைத்து வந்தது. வெங்காயம், பூண்டு இல்லாமல் வேண்டுமானால் முந்தைய இரவே சொல்ல வேண்டும். பஃபேயில் சாதமும் தயிரும் இருந்தன. பிரிக்காத ஊறுகாய்ப் பாக்கெட் எங்கள் பங்கு. தயிர்சாதம் கிடைத்துவிட்டது, அதற்கு மேல் அத்தைக்கு எந்தப் புகாரும் இல்லை. வீட்டில் சமைத்ததைக் கொண்டுபோகக் கூடாது, கடையில் வாங்கிய சீல் பிரிக்காதது பரவாயில்லை.

மலேசியாவின் பினாங்கில் கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுனை ஒட்டியே இருக்கிறது. டூர் எதுவும் வாங்காதீர்கள். வெளியே வந்ததும் மணிக்கூண்டு, அதைத் தாண்டினால் கார்ன்வாலிஸ் கோட்டை, இன்னும் சற்று நடந்தால் லிட்டில் இந்தியா. குயின் தெருவில் 1833-இல் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. வெயில் தாழ்ந்ததும் போனோம். பூக்கடையில் தமிழில் விலை கேட்டதும் அத்தைக்கு முகமே மாறிவிட்டது.

புக்கெட் வேறு மாதிரி. பெரிய கப்பல்கள் பெரும்பாலும் பட்டோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டு, சின்னப் படகில்தான் கரைக்கு அனுப்பும். டோக்கன் வாங்கி வரிசையில் காத்திருக்க வேண்டும். அன்று அலை இருந்ததால் படகு விடுவதே தாமதமானது. மிதவை மேடையில் நின்று பார்த்தால் படகு முழங்கால் உயரம் எழும்பித் தாழ்கிறது. இரண்டு பணியாளர்கள் முழங்கைகளைப் பிடித்துக்கொண்டு, படகு மேலே வரும் நொடிக்காகக் காத்திருந்து, அப்போதுதான் காலை எடுத்து வைக்கச் சொல்கிறார்கள். அத்தை அதைப் பார்த்துவிட்டு, "நீங்க போயிட்டு வாங்க, நாங்க இங்கேயே இருக்கோம்" என்று சொல்லிவிட்டார். அதுவே நல்லதாயிற்று, காலியான கப்பலில் இருவரும் ராஜா ராணி மாதிரி இருந்திருக்கிறார்கள். அலை அதிகமானால் அந்தத் துறைமுகத்தையே விட்டுவிட்டுக் கப்பல் போகலாம், பயணக் கட்டணத்தில் துறைமுக வரி தவிர பொதுவாக எதுவும் திரும்பக் கிடைக்காது. மே முதல் அக்டோபர் வரை பெரியவர்களோடு போகிறவர்கள் பினாங்கு மட்டும் உள்ள பயணத்தைப் பாருங்கள்.

இன்னொன்று, தாய்லாந்து நேரம் சிங்கப்பூரை விட ஒரு மணி நேரம் பின்னால். எங்கள் கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடியது, கரையில் போன் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறியது. கடைசிப் படகு எப்போது என்பதைக் கப்பல் நேரத்தில்தான் போட்டிருப்பார்கள். ஒரு சாதாரணக் கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்துக்கு வைத்துக் கட்டிக்கொண்டு போங்கள். கப்பல் நிறுவனத்தின் டூரில் போனவர்கள் தாமதமானால் காத்திருப்பார்கள், தனியாகச் சுற்றப் போனவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

கடைசி இரவு பெட்டிகளை அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். மறுநாள் போடும் உடையையும் செருப்பையும் வெளியே எடுத்துவைத்துவிட்டு மூடுங்கள். செலவுக் கணக்கையும் அன்றே அறை டிவியில் பாருங்கள். நாங்கள் வாங்காத ஒரு போட்டோவுக்குப் பணம் போட்டிருந்தார்கள். இரவு பதினொரு மணிக்கு விருந்தினர் சேவை மேசையில் இரண்டு பேர்தான் நின்றார்கள், ஐந்து நிமிடத்தில் நீக்கிவிட்டார்கள். மறுநாள் காலை அதே மேசையில் வரிசை மாடிப்படி வரை நின்றது.

இறங்குவது காலையில், எங்கள் திருச்சி விமானம் இரவில். நேராகச் சாங்கி விமான நிலையத்துக்குப் போய்ப் பெட்டிகளைப் பணம் கட்டி அங்குள்ள காப்பறையில் போட்டுவிட்டு, சிராங்கூன் சாலைக்குச் சாப்பிடப் போனோம்.