வண்டிக்கும் சேர்த்துத்தான் ரூம் பார்க்கிறேன்

பைக்கில் ஊர் சுற்றும்போது, தங்கும் இடத்துக்கு போன் செய்தால் கட்டிலைப் பற்றியும் வெந்நீரைப் பற்றியும் கடைசியில்தான் கேட்பேன். முதல் கேள்வி, வண்டியை எங்கே விடுவது? "பார்க்கிங் இருக்கு மேடம்" என்று சட்டென்று பதில் வரும். அந்தப் பதில் எனக்குப் போதாது. அவர்கள் சொல்லும் பார்க்கிங் பெரும்பாலும் காருக்கானது. தரை சிமென்ட்டா, ஜல்லியா? உள்ளே போகும் வழி சரிவா? ராத்திரி கேட்டைப் பூட்டுவீர்களா? பூட்டினால் விடியற்காலை ஐந்து மணிக்கு யார் திறப்பார்கள்? கடைசிக் கேள்விக்குத்தான் எதிர்முனையில் கொஞ்ச நேரம் மௌனம் இருக்கும். சாவி வைத்திருப்பவர் ஏழு மணிக்குத்தான் எழுவார் என்றால் அந்த இடம் எனக்கு ஆகாது.

தரையைப் பற்றி ஏன் இவ்வளவு கேட்கிறேன் என்றால், மூட்டை முடிச்சோடு சேர்த்து இருநூறு கிலோவைத் தாண்டும் வண்டி நிற்கும்போது அதன் எடையில் ஒரு பங்கு சைடு ஸ்டாண்டின் சின்னக் காலில் இறங்குகிறது. ஜல்லி, மணல், மழையில் ஊறிய மண், வெயிலில் இளகிய தார், எதிலும் அந்தக் கால் மெல்ல உள்ளே போகும். விடுகிறபோது நேராகத்தான் நிற்கும். நடுராத்திரியில் சாயும். அதற்காக உள்ளங்கை அகலத்தில் ஒரு கெட்டியான தகட்டைக் கயிறு கட்டி, பெட்ரோல் டேங்கின் மேல் மாட்டும் டேங்க் பேகில் வைத்திருக்கிறேன். கயிறு எதற்கு? காலையில் வண்டியை எடுத்த பிறகு குனியாமலேயே தகட்டை மேலே இழுத்துக்கொள்ளலாம். சரிவான இடம் என்றால் வண்டியின் மூக்கு மேட்டைப் பார்த்து இருக்க வேண்டும், முதல் கியரில் போட்டு விட வேண்டும். இறக்கத்தில் சுவரைப் பார்த்து விட்டுவிட்டால் காலையில் முழு லக்கேஜோடு பின்னால் மேடேற்றித் தள்ள வேண்டியிருக்கும். பெரும்பாலான பைக்குகளில் ரிவர்ஸ் கியர் கிடையாது என்பது அப்போது நன்றாக உறைக்கும்.

திருட்டைப் பொறுத்தவரை ஹேண்டில் லாக்கை நான் பெரிய பாதுகாப்பாக நினைப்பதில்லை. பலமாக ஒரு திருகு திருகினால் உடையக்கூடியது அது. பிரேக் தட்டில் மாட்டும் டிஸ்க் லாக் போட்டால் வண்டியை உருட்ட முடியாது, ஆனால் இரண்டு பேர் சேர்ந்தால் சின்ன வண்டியைத் தூக்கி வேனில் ஏற்றிவிடலாம். ஆகவே அசையாத ஏதாவது ஒன்றோடு சேர்த்துச் சங்கிலி போட முடிகிறதா என்று பார்ப்பேன். தூண், இரும்புக் கம்பி, எதுவானாலும் சரி. அதற்கு மேல் ஒரு பழைய கவர். உள்ளே என்ன வண்டி என்று தெரியாவிட்டால் பாதிப் பேர் எட்டிப் பார்க்கவே மாட்டார்கள். வரவேற்பு மேசையிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் விடலாமா என்று கேட்டால் பலரும் சரி என்றுதான் சொல்கிறார்கள். கேட்காதவர்களுக்குத்தான் பின்பக்கத்து இருட்டு மூலை.

தனியாகப் போகும்போது மாடி ரூம்தான் கேட்பேன். தங்கை பின்சீட்டில் வந்தால் தரைத்தளம். பைகளைச் சுமந்து படியேறுவது எரிச்சல்தான், ஆனால் தனியாக இருக்கும் இரவில் ஜன்னலுக்கு வெளியே ஆள் நடமாட்டம் இல்லாதது அதைவிட முக்கியம். ரூம் எண்ணைப் பத்துப் பேர் நடுவில் உரக்கச் சொல்லிச் சாவியைக் கொடுத்தால், "வேற ரூம் கொடுங்க, நம்பரை எழுதிக் காட்டுங்க" என்று சொல்லத் தயங்குவதில்லை. கதவுக்கு அடியில் செருக ஒரு ரப்பர் ஆப்பும் பையில் உண்டு. இது பயந்தவளின் பதிவு என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். நன்றாகத் தூங்கி எழுந்தால்தானே அடுத்த நாள் வளைவுகளில் கண் சரியாகப் போகும்.

ஆல்ப்ஸ் மலைப் பகுதியில் பைக்கில் வருகிறவர்களுக்கென்றே நடக்கும் ஹோட்டல்கள் உண்டு. மூடிய கராஜ், நனைந்த உடுப்புகளைக் காயவைக்கத் தனி அறை, அவசரத்துக்குச் சில கருவிகள், வண்டி கழுவ ஒரு மூலை என்று எல்லாம் யோசித்து வைத்திருப்பார்கள். எல்லா ஊரிலும் அது கிடைக்காது. ஆனால் நமக்கு உண்மையில் என்ன தேவை என்பதை அந்தப் பட்டியல் சொல்லிவிடுகிறது. குழாய் பக்கத்தில் கொஞ்சம் இடம், ஒரு பழைய துணி, துணி காயப்போடக் கொடி, வேகமாகச் சுற்றும் ஃபேன். இவை சாதாரண லாட்ஜிலும் கேட்டால் கிடைப்பவைதான். நனைந்த பூட்ஸுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றினால் காலைக்குள் போடும் நிலைக்கு வந்துவிடும். தோல் கையுறையை மட்டும் ஹீட்டர் பக்கத்தில் வைக்காதீர்கள், விறைத்து வெடிக்கும்.

இன்னொரு கதை சொல்ல வேண்டும். எல்ஸ்பெத் பியர்ட் என்ற பிரிட்டிஷ் பெண், கட்டிடக் கலை படித்துக்கொண்டிருந்தபோது 1982-ல் ஒரு பழைய பிஎம்டபிள்யூ ஆர்60/6 வண்டியில் தனியாக உலகம் சுற்றக் கிளம்பினார், 1984-ல் ஊர் திரும்பினார். நடுவில் காசு தீர்ந்ததால் சிட்னியில் ஒரு கட்டிடக் கலை அலுவலகத்தில் சில மாதங்கள் வேலை பார்த்தார். அப்போது அவர் தங்கியிருந்தது ஒரு கராஜில். வண்டிக்குப் பூட்டு போடக்கூடிய அலுமினியப் பெட்டிகளைத் தன் கையாலேயே செய்துகொண்டதும் அங்கேதான். வண்டியும் ஆளும் ஒரே கூரையின் கீழ்! எனக்குத் தெரிந்து இதைவிடப் பொருத்தமான தங்குமிடம் கிடையாது.

அதே பிஎம்டபிள்யூ வண்டிக்காரர்களுக்கு அமெரிக்காவில் 1972 முதல் ஒரு சங்கம் இருக்கிறது. அதன் உறுப்பினர்களுக்காக ஒரு தொலைபேசிக் கையேடு போட்டார்கள். அதில் ஆள் பெயர் இருக்காது. ஊரும், எண்ணும், அந்த வீட்டில் என்ன உதவி கிடைக்கும் என்பதும்தான் இருக்கும். கருவிகள், கூடாரம் போட இடம், படுக்கை, இப்படி. வழியில் வண்டி நின்றுபோனால் முன்பின் தெரியாத ஒருவருக்கு போன் அடிக்கலாம். எந்த ஹோட்டல் செயலியிலும் இப்படி ஒரு வசதியை நான் பார்த்ததில்லை.

எங்கே தங்குவது என்பதை நான் மதியம் சாப்பிடும் இடத்தில்தான் முடிவு செய்கிறேன். அதற்குள் சாலை எப்படி, மழை வருமா, உடம்பு எவ்வளவு தாங்கும் என்று தெரிந்துவிடும். ஒரே கணக்குதான்: பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது போய்ச் சேர வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் வேலை இருக்கிறது. செயின் சூடாக இருக்கும்போதே எண்ணெய் விட்டால் இண்டு இடுக்கில் இறங்கும், ராத்திரி முழுவதும் ஊறும். காலையில் விட்டுக் கிளம்பினால் பாதி பின் டயரின் ரிம்மில்தான் தெறிக்கும். அப்புறம் சுற்றி நடந்து பார்க்கலாம், சாப்பாட்டுக்கு மறுபடி வண்டியை எடுக்க வேண்டாம்.

நெடுந்தூரம் பைக் ஓட்டுகிறவர்களின் அயர்ன் பட் சங்கத்தின் கணக்கு வேறு. 24 மணி நேரத்துக்குள் 1000 மைல், அதாவது ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர் ஓட்டிக் காட்டினால் சான்றிதழ் தருகிறார்கள். வண்டிக்குப் பக்கத்தில் ஏதாவது பெஞ்சில் அலாரம் வைத்துக்கொண்டு சாய்ந்துவிட்டு எழுவதை 'அயர்ன் பட் மோட்டல்' என்று கிண்டலாகச் சொல்வது அந்தக் கூட்டத்தில்தான். மரியாதையோடு சொல்கிறேன், அது எனக்கான விளையாட்டு அல்ல. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தால், ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குச் செயல்திறன் குறைகிறது என்று 1997-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அதிகாலை நாலு மணிக்கு எழுந்தவருக்கு இரவு ஒன்பது மணியோடு அந்த 17 மணி நேரம் முடிந்துவிடுகிறது.

மலையில் தங்குவதற்குத் தனிக் கணக்கு வேண்டும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும், அதைக்கூடச் சமாளிக்கலாம். பிரச்சினை ஆக்சிஜன். நடந்து ஏறுகிறவரை அவருடைய கால்களே மெதுவாக்கிவிடும். நமக்கு எஞ்சின் இருக்கிறது, ஒரு மதியத்தில் இரண்டாயிரம் மீட்டர் ஏறிவிடுவோம். 3,000 மீட்டருக்கு மேல் போய்விட்டால், இரவு படுக்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை ஏறாமல் ஓய்வெடுப்பது என்பது மலை மருத்துவர்கள் சொல்லும் வழி. கவனியுங்கள், கணக்கு படுக்கும் உயரத்துக்குத்தான். பகலில் கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கிப் படுப்பதும், கணவாய் உச்சியிலேயே ரூம் போடுவதும் ஒன்றல்ல. உச்சியில் காட்சி அழகாக இருக்கும் என்று அங்கே தங்குபவர்கள் பலரும் ராத்திரி தலைவலியோடு உட்கார்ந்திருப்பார்கள். இந்த ஊர்களில் குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் கொண்டுவந்து வைப்பது உண்டு. வேண்டாம் என்று சொல்லிவிட்டு இன்னொரு கம்பளி கேளுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, தூங்குகிறவரை எழுப்பவும் செய்யாது.

சரி, சாப்பாடு. லாரிகள் நிற்கும் இடத்தில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்பார்கள். பாதி உண்மை. கூட்டம் ஓயாமல் வருவதால் சமைத்தது தேங்காது, அதுதான் காரணம். சமைத்த உணவு 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில் கிடந்தால் கிருமி வேகமாகப் பெருகும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அப்படி இருந்ததைத் தொடாமல் இருப்பது நல்லது. ஆகவே பெயர்ப் பலகையை விட அடுப்பைத்தான் பார்ப்பேன். கண் முன்னால் சூடாக இறங்குவது எதுவோ அதைச் சொல்வேன், வெட்டி வைத்த பழத்தையும் ஐஸையும் விட்டுவிடுவேன். ஆனால் லாரிக்காரர் சாப்பிடுகிற அளவு நமக்குச் சரிப்படாது. அவர் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு கேபினிலேயே கட்டையைச் சாய்க்கலாம். நமக்குக் கேபின் ஏது?

மதியம் இரண்டு மணியிலிருந்து நாலு மணிவரை கண் சொக்குவதற்குச் சாப்பாடு மட்டும் காரணம் அல்ல. சாப்பிடாவிட்டாலும் உடம்பின் கடிகாரம் அந்த நேரத்தில் கொஞ்சம் தாழும். வயிறு நிறைந்திருந்தால் இன்னும் தாழும். அதனால் பகலில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவது, நிறைவான சாப்பாட்டை வண்டியைப் பூட்டிய பிறகு வைத்துக்கொள்வது என் பழக்கம். அப்படியும் சொக்கினால் ஒரு காபியைக் குடித்துவிட்டு உடனே இருபது நிமிடம் படுத்துவிடுவேன். காபி வேலை செய்ய ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும், எழும்போது சரியாக வந்து சேரும். மாலைக்கு மேல் காபி தொடுவதில்லை. அதிலுள்ள காஃபினில் பாதி உடம்பை விட்டுப் போகவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகிறது, ராத்திரித் தூக்கம் கெட்டால் மறுநாள் போச்சு.

தங்கைக்கும் எனக்கும் வழக்கமாகச் சண்டை வருவது இந்த விஷயத்தில்தான்.

"பசிக்கவே இல்லக்கா, இன்னும் கொஞ்சம் போகலாம்."

"பசிக்கிற வரைக்கும் ஓட்டினா லேட்டு. இறங்கு."

தண்ணீருக்கும் இதேதான். காற்று வியர்வையை உடனே உலர்த்திவிடுவதால் எவ்வளவு வியர்த்தது என்று தெரியாது, தாகமும் பிந்தித்தான் எடுக்கும். தலை கனத்து, சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் ஏற்கெனவே குறைந்துவிட்டது என்று அர்த்தம். வயிற்றுப்போக்கு வந்து, உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கையில் இல்லாவிட்டால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலை தட்டி. உப்பு கூடக் கூடாது. அன்றைக்கு வண்டி எடுக்க வேண்டாம், ரூமை இன்னொரு நாளைக்கு நீட்டிவிடுங்கள்.

இணையத்தில் ரூம் விமர்சனங்களைப் படிக்கும்போது நட்சத்திரங்களை விட்டுவிட்டு கேட், நாய், ஜெனரேட்டர், கல்யாண மண்டபம் ஆகிய சொற்களைத் தேடுவேன். அப்புறம் செயற்கைக்கோள் வரைபடத்தில் அந்தக் கட்டிடத்தின் முற்றத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். புகைப்படத்தில் காட்டாத சரிவும் சேறும் அங்கே தெரியும்.

கூடாரம் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, முதுகு ஒத்துழைப்பதில்லை. போடுகிறவர்கள் காய்ந்த ஆற்றுப் படுகையையும் பட்ட கிளைகளின் அடியையும் தவிர்க்க வேண்டும், வண்டி சாய்ந்தாலும் கூடாரத்தின் மேல் விழாத தூரத்தில் அதை விட வேண்டும். கரடி நடமாடும் காடு என்றால் உணவைக் கூடாரத்துக்குள் வைக்கவே கூடாது.

காலையில் முதல் வேலை டயர் காற்று, வண்டி குளிர்ந்திருக்கும்போதே. ஓடிய பிறகு பார்த்தால் அளவு கூட்டிக் காட்டும். ரூம் வாடகையில் காலை உணவும் சேர்த்தி என்று பெருமையாகச் சொல்வார்கள், அது எட்டு மணிக்குத்தான் வரும். நான் ஐந்துக்கே கிளம்புகிறவள். அதனால் முந்தின ராத்திரியே சமையலறையில் போய்க் கேட்டு, கெடாதது ஏதாவது, ரொட்டியோ வாழைப்பழமோ, வாங்கி டேங்க் பேகில் போட்டுக்கொள்வேன். பெரும்பாலும் தருகிறார்கள். கேட்டைத் திறக்கப்போகும் ஆளையும் அப்போதே பார்த்துப் பேசிவிடுவது நல்லது.