ஸ்லைடில் அசைந்தது

"உடம்புச் சூடும்மா, வெள்ளை போகுது." ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தினமும் நாலைந்து பேராவது இதைச் சொல்வார்கள். சொல் ஒன்றுதான், நோய் ஒன்றல்ல. சிலருக்கு நோயே கிடையாது. இரண்டு மாதவிடாய்களுக்கு இடையில் வரும் சாதாரணக் கசிவு.

பாடத்தில் எல்லாம் சுலபம். தயிர்க்கட்டி போல வந்து அரித்தால் பூஞ்சை. சாம்பல் வெள்ளையாக நீர்த்து மீன்வாடை அடித்தால் பாக்டீரியா. மஞ்சள், பச்சையாக நுரைத்தால் டிரைக்கோமோனாஸ், உடலுறவில் தொற்றும் ஒட்டுண்ணி. ஆனால் அரிப்பு பூஞ்சைக்கு மட்டும் சொந்தமில்லை. நான் வழுக்கியது அங்கேதான்.

அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். ஓ.பி. வரிசை வாசல் வரை நின்றது. "அரிப்பு தாங்க முடியலம்மா" என்றதும், பரிசோதிக்காமலே பூஞ்சைக்கான மாத்திரை, ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம் ஒன்று எழுதினேன். கர்ப்பமா என்றுகூடக் கேட்கவில்லை. கர்ப்பிணிக்கு அது கொடுக்கக் கூடாத மாத்திரை. கர்ப்பம் இல்லையென்றால், வெள்ளைப்படுதலுக்கென அரசு தரும் பச்சை நிற மருந்து கிட்டையாவது கொடுத்திருக்கலாம். லேப் இல்லாத இடத்தில் மூன்றையும் ஒரே வீச்சில் பிடிக்கத்தானே அதில் இதே மாத்திரையோடு, மற்ற இரண்டுக்குமான செக்னிடசோலையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள்!

பத்து நாளில் திரும்பி வந்தார். நடுவில் மெடிக்கலில் அதே மாத்திரையை இரண்டு முறை வாங்கிப் போட்டிருந்தார்.

இந்த முறை ஸ்பெகுலம் என்ற கருவியை வைத்து உள்ளே பார்த்தேன். நுரை. அமிலத்தன்மை காட்டும் பிஎச் தாள் 4.5-ஐத் தாண்டியது, வெறும் பூஞ்சை என்றால் பெரும்பாலும் தாண்டாது. கசிவை ஒரு சொட்டு உப்புநீரில் கலந்து லேபுக்கு நானே எடுத்துக்கொண்டு ஓடினேன். ஸ்லைடு ஆறினால் அந்தக் கிருமி அசையாது, அசையாவிட்டால் வெள்ளணுவோடு வெள்ளணுவாகக் கிடக்கும். லேப் அக்கா மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "சீக்கிரம் வந்து பாருங்க மேடம்" என்றார். பேரிக்காய் வடிவில் ஒன்று, வெட்டி வெட்டி இழுத்தபடி நகர்ந்துகொண்டிருந்தது.

அவருக்கு அந்தக் கிருமியைக் கொல்லும் மெட்ரோனிடசோல் 500 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை, 7 நாள். மருந்தைவிடக் கஷ்டம் அடுத்த பேச்சு. கணவருக்கும் கொடுக்காவிட்டால் மறுபடி தொற்றும்.

"அவருக்கு ஒண்ணுமே இல்லையேம்மா, நான் எப்படிச் சொல்றது?"

ஆண்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது என்று விளக்கி, அவரையே வரச் சொன்னேன். வந்தார், கதவோரம் நின்றார். அதே மருந்து 2 கிராம், ஒரே வேளை. இருவருக்கும் குணமாகும்வரை சேரக் கூடாது என்றேன். தலையாட்டினார். மூன்று நாள் குடிக்கவும் கூடாது என்றதும்தான் வாய் திறந்தார்.

"பீருமா மேடம்?"