செவலையும் ஒரு குழிக்கரண்டியும்

திருநகரில் உள்ள எங்கள் வீட்டுக்குச் செவலை வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. தென்கால் கண்மாய்க் கரையில் குட்டியாகக் கிடந்து என் கைக்கு வந்த நாட்டு நாய். ஒரு வயதில் கருத்தடை அறுவை சிகிச்சை செய்தோம். சிறுநீர் கழிக்க வேண்டுமென்றால் கொல்லைக் கதவருகே போய் நின்று ஒருமுறை முனகும். கதவைத் திறந்தால் முருங்கை மரத்தடிக்குப் போய் வரும். இந்த ஒழுங்கு ஆறு ஆண்டுகளில் ஒருநாளும் பிசகியதில்லை என்பதால், சென்ற பங்குனி மாதத்தில் சமையலறைத் தரையில் ஈரத்தைக் கண்டபோது எங்கள் சந்தேகம் நாயின் மேல் விழாமல் ஃபிரிட்ஜின் மேல் விழுந்தது. மெக்கானிக் வந்து, குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "சார், இது ஃபிரிட்ஜ் தண்ணி இல்ல" என்று சொல்லி, வந்ததற்கான கூலியை மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

அதற்கடுத்த நான்கு நாட்களில் கூடத்தில் இரண்டு முறையும், என் கட்டிலருகே விரித்திருந்த கோரைப் பாயில் ஒரு முறையும் ஈரம் கண்டோம். அப்போது திருப்பரங்குன்றத்தில் பங்குனித் திருவிழா நடந்துகொண்டிருந்தது. வேட்டுச் சத்தத்துக்குப் பயந்து நாய் இப்படிச் செய்கிறது என்று நானே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டேன். வெடிச் சத்தத்தில் நாய்கள் நிலைகுலைந்து இருந்த இடத்திலேயே சிறுநீர் கழிப்பது உண்மைதான்; ஆனால் வேட்டு இரவில் போட்டார்கள், செவலை பகலில் நனைத்தது. அந்த முரண்பாட்டை நான் கவனிக்கவில்லை. பாய் நனைந்த அன்று அதை அந்த இடத்துக்கு இழுத்துப்போய், சுருட்டிய செய்தித்தாளைத் தரையில் ஓங்கித் தட்டி அதட்டினேன். அடுப்படியிலிருந்து அம்மா, "ஏப்பா, அதுக்கு உள்ளுக்குள்ள என்னமோ பண்ணுதுப்பா, வையாத" என்றார். அவர் சொன்னதே சரியென்று தெரிய எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று.

அதட்டியதனால் விளைந்தது ஒன்றே ஒன்றுதான்: செவலை எங்கள் கண்ணெதிரே சிறுநீர் கழிப்பதை நிறுத்திவிட்டு, பீரோவுக்குப் பின்னாலும் கட்டிலுக்கு அடியிலும் ஒளிந்து கழிக்கத் தொடங்கியது. எத்தனை முறை போகிறது, எவ்வளவு போகிறது, போகும்போது சிரமப்படுகிறதா என்று பார்த்துத் தெரிந்துகொள்ளும் வழியை நானே அடைத்துவிட்டேன் என்பது பிறகுதான் உறைத்தது.

முதலில் பார்த்த மருத்துவர் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார். சிறுநீர்த் தொற்று என்று சொல்லி, ஓர் ஊசி போட்டு, ஐந்து நாட்களுக்கு ஆன்டிபயாட்டிக் மாத்திரை எழுதித் தந்தார். சிறுநீரைப் பரிசோதிக்கச் சொல்லவில்லை. மூன்றாம் நாளே செவலை பழையபடி கொல்லைக் கதவருகே நின்று முனகியதைப் பார்த்து மகிழ்ந்துபோய், மீதி மாத்திரைகளை நானும் கொடுக்காமல் விட்டேன். ஆகவே குறையை அவர்மேல் மட்டும் போடுவதற்கில்லை. மூன்று வாரம் கழித்து, அழகர் ஆற்றில் இறங்கி முடிந்த மறுவாரம், வெள்ளை டைல்ஸ் தரையில் உள்ளங்கையளவு ஈரமும் அதன் ஓரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கறையும் தெரிந்தன.

இம்முறை வேறொரு மருத்துவரிடம் போனோம். அவர் நாயைத் தொடுவதற்கு முன்பே கேள்விகளைத் தொடங்கினார். தூங்கும்போது நனைக்கிறதா, விழித்திருக்கும்போதா? ஒரே தடவையில் பெரிய குட்டையாகத் தேங்குகிறதா, கொஞ்சம் கொஞ்சமாகப் பல இடங்களிலா? வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறதா? தோல் அரிப்புக்கென்று ஸ்டீராய்டு மாத்திரை ஏதாவது கொடுத்தீர்களா? பாதிக்கு மேல் எனக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு நாட்கள் கவனித்து எழுதிக்கொண்டு, காலையில் போகும் முதல் சிறுநீரையும் பிடித்துக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

அந்தக் கேள்விகளின் பொருளை அவரே பின்னர் விளக்கினார். கருத்தடை செய்த பெண் நாய்களில் சிலவற்றுக்குச் சில ஆண்டுகள் கழித்துச் சிறுநீர்க் குழாயை இறுக்கிப் பிடிக்கும் தசை தளர்ந்துபோகும். அவை அறியாமலே தூக்கத்தில் கசியவிட்டு, எழுந்த இடத்தில் ஈரம் விட்டுப் போகும். சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் மிகுதியாகத் தண்ணீர் குடித்து, நிறமற்ற சிறுநீரைப் பெரிய குட்டையாக விடும். ஸ்டீராய்டு மருந்தும் அப்படித்தான் தாகத்தைத் தூண்டும். விழித்த நிலையில், அடிக்கடி குந்தி, முக்கி, சில சொட்டுகள் மட்டும் விடுகிறதென்றால் கோளாறு பெரும்பாலும் சிறுநீர்ப்பையிலேயே இருக்கும்.

சித்திரை வெயிலில் எந்த நாயும் கூடுதலாகத்தான் குடிக்கும் என்பதால் தண்ணீர்க் கணக்கு எனக்குக் குழப்பமாக இருந்தது. ஒரு லிட்டர் பாட்டிலால் அளந்து கிண்ணத்தில் ஊற்றி, இரவில் மீந்ததைத் திரும்ப அளந்து கழித்துப் பார்த்தேன். ஒரு நாளுக்கு 950 மில்லி வந்தது. செவலையின் எடை 16 கிலோ. கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் போனால்தான் அது மிகுதாகம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். எங்கள் கணக்கு 60-ஐக்கூடத் தொடவில்லை. ஆனால் அதே நாளில் அது பதினொரு முறை குந்தியிருந்தது.

சிறுநீர் பிடித்த கதையைச் சொல்லாமல் விட முடியாது. கிண்ணத்தை நீட்டினால் செவலை திரும்பி நின்று கிண்ணத்தை முகர்ந்தது. தட்டை நீட்டினால் எழுந்து நடந்தது. மூன்றாம் நாள் அம்மாவின் நீளக் காம்புக் குழிக்கரண்டியை வெந்நீரில் கழுவி உலர்த்தி எடுத்துக்கொண்டு, கழுத்துவாரை ஒரு கையில் பிடித்தபடி முருங்கை மரத்தடியில் பின்னாலேயே நடந்தேன். அது குந்தி, முதல் சில சொட்டுகள் மண்ணில் விழுந்த பிறகு கரண்டியை உள்ளே நீட்டினேன். இரண்டு தேக்கரண்டி அளவே கிடைத்தது. அது போதும் என்றார்கள். ஆய்வகம் திறக்க ஒன்றரை மணி நேரம் இருந்தது. சிறுநீர் வெளியே அதிக நேரம் இருந்தால் கிருமி பெருகி முடிவைத் திரித்துவிடும் என்பதால் மூடிபோட்ட டப்பாவை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். என் மனைவி மூன்று பாலித்தீன் பைகளைப் போட்டுச் சுற்றிக் கொடுத்த பிறகுதான் அதற்கு அனுமதி கிடைத்தது.

சிறுநீரின் அமில-கார அளவு (pH) 8, அதாவது காரம், என்று வந்தது. வெள்ளணுக்கள், சிவப்பணுக்கள், கிருமிகள், அவற்றோடு ஸ்ட்ரூவைட் என்னும் தாதுப் படிகங்களும் இருந்தன. சர்க்கரை இல்லை. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவு இரத்தத்தில் சரியாக இருந்தது. எக்ஸ்ரேயில் சிறுநீர்ப்பைக்குள் கொண்டைக்கடலை அளவில் இரண்டு கற்கள் வெள்ளையாகத் தெரிந்தன. பிறகு ஸ்கேன் பார்த்துக்கொண்டே வயிற்றின் வழியாக மெல்லிய ஊசியைச் செலுத்திச் சிறுநீர்ப்பையிலிருந்தே நேரடியாகச் சிறிது சிறுநீர் எடுத்து, எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று அறியக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கரண்டியில் பிடித்ததில் தோலில் உள்ள கிருமியும் கலந்திருக்கலாம் என்பதால் இந்த ஏற்பாடு. மூன்று நாளில் முடிவு வந்தது: ஸ்டாஃபிலோகாக்கஸ்.

பக்கத்து வீட்டுக்காரர், எங்கள் பகுதியின் உப்புத் தண்ணீர்தான் கல்லுக்குக் காரணம் என்று அடித்துச் சொன்னார். போர்த் தண்ணீரைக் காய்ச்சினால் பாத்திரத்தில் படியும் வெள்ளையைப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றுவது இயல்புதான். மருத்துவர் சொன்ன காரணம் வேறு. இந்தக் கிருமி சிறுநீரிலுள்ள யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்குகிறது, சிறுநீர் காரமாகிறது, காரமான சிறுநீரில் மெக்னீசியமும் பாஸ்பேட்டும் அம்மோனியத்தோடு சேர்ந்து கல்லாக உறைகின்றன. நாய்களுக்கு வரும் ஸ்ட்ரூவைட் கற்களில் பெரும்பாலானவை இப்படித் தொற்றிலிருந்து பிறப்பவை. கிருமி கல்லுக்குள்ளேயே புதைந்திருப்பதால், மேலோட்டமாக மருந்து கொடுத்தால் அடங்குவதுபோல் அடங்கித் திரும்ப வரும். முதல் மாத்திரைகள் மூன்று வாரத்துக்கு மட்டும் தாங்கியதன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

இரண்டு வழிகள் இருந்தன: அறுவை சிகிச்சை செய்து கற்களை எடுப்பது, அல்லது சிறப்பு உணவாலும் கல்ச்சர் காட்டிய ஆன்டிபயாட்டிக்காலும் கரைப்பது. கால்சியம் ஆக்சலேட் கல்லாக இருந்தால் எந்த உணவுக்கும் கரையாது; எங்கள் கல் எந்த வகை என்று எக்ஸ்ரேயை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது, காரத்தன்மையையும் கிருமியையும் பார்த்தால் ஸ்ட்ரூவைட் என்றே படுகிறது, நான்கு வாரத்தில் சிறுக்காவிட்டால் அறுத்துவிடலாம் என்றார் மருத்துவர். எனக்கு அந்த நேர்மை பிடித்திருந்தது. ஆண் நாயாக இருந்தால் இவ்வளவு பொறுக்கமாட்டேன் என்றும் சொன்னார். அவற்றின் சிறுநீர்க் குழாய் ஒடுங்கியது, கல் இறங்கி அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. ஆணோ பெண்ணோ, முக்கியும் ஒரு சொட்டுக்கூட வராவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்பதை இரண்டு முறை அழுத்திச் சொல்லி அனுப்பினார்.

அந்தச் சிறப்பு உணவைத் தவிர வேறெதுவும் கொடுக்கக் கூடாது என்ற நிபந்தனைதான் எங்கள் வீட்டில் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. ஆறு ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமை எலும்பும் மாலையில் பொறையும் தின்று பழகிய நாய், மாலை நான்கு மணியானால் அம்மாவின் நாற்காலியருகே போய் உட்கார்ந்துவிடும். ஒரு வாரம் தாக்குப்பிடித்த அம்மா, இரண்டாம் வாரத்தில் முந்தானைக்குள் மறைத்துக் கால் துண்டு பொறை கொடுத்ததை என் மகள் பார்த்துவிட்டாள். "பெத்த பிள்ளைக்குப் பத்தியம் வச்சப்பகூட இம்புட்டுப் பாடில்ல" என்று அம்மா அலுத்துக்கொண்டார். அதன்பின் அந்தச் சிறப்பு உணவிலேயே ஒரு கைப்பிடியை எடுத்து வைத்து, அதை மாலையில் அம்மா கையால் கொடுப்பது என்று ஏற்பாடு செய்தோம். நாய்க்கு வேண்டியிருந்தது அந்தக் கைதான் போலிருக்கிறது.

உணவில் தண்ணீர் சேர்த்துக் குழைத்துக் கொடுத்தோம். நான் பள்ளிக்கும் மனைவி அலுவலகத்துக்கும் போனபின் கொல்லைக் கதவு மாலை வரை பூட்டியே கிடந்தது. நெடுநேரம் அடக்கிவைப்பது தொற்றுக்குத் துணைபோகும் என்பதால், பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் அம்மா கதவைத் திறந்துவிடத் தொடங்கினார். பாயை எறிந்துவிட்டோம். தரைக்கு வெறும் ஃபினாயில் போட்டால் நம் மூக்கு ஏமாறுமே தவிர நாயின் மூக்கு ஏமாறாது. பழைய வாடை இருக்கும் இடத்தையே அது தேடிப் போகும். வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்து, பிறகு செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும் என்சைம் திரவத்தை ஊற்றிக் காயவிட்ட பின்புதான் பீரோவின் பின்புறத்தைச் செவலை மறந்தது.

நான்காம் வார எக்ஸ்ரேயில் கற்கள் பாதியாகச் சிறுத்திருந்தன. எட்டாம் வாரம் படத்தை வெளிச்சத்தில் பிடித்து நானும் தேடினேன், எதுவும் தெரியவில்லை. அதற்குப் பிறகும் ஒரு மாதம் அதே உணவைத் தொடர்ந்து, மருந்தை நிறுத்தியபின் மறுபடி கல்ச்சர் செய்து, கிருமி இல்லை என்று உறுதியானதும்தான் வீட்டுச் சோற்றுக்கு அனுமதித்தார்கள். தொற்று திரும்பினால் கல்லும் திரும்பும் என்பதால் இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிறுநீர்ப் பரிசோதனை நடக்கிறது. அடுத்தது தை மாதத்தில். குழிக்கரண்டி முருங்கை மரத்தில் ஆணியடித்து மாட்டியிருக்கிறது. அம்மாவுக்குப் புது மண்டபத்துப் பக்கம் போனபோது வேறொன்று வாங்கிக் கொடுத்துவிட்டேன்.