சர்க்கரை ஏற்பிகள்: வாய்மொழித் தேர்வுக்குத் தயாராகும் தம்பி தங்கைகளுக்கு

மொரீசியஸ் பல்கலைக்கழகத்தில் வேதியியல் இறுதியாண்டு ஆய்வுக்கு, சர்க்கரையைத் தெரிந்து பிடிக்கும் செயற்கை ஏற்பிகளை, அதாவது ஒரு குறிப்பிட்ட மூலக்கூறைத் தன்னுள் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறுகளை, எடுத்துக்கொண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதே தலைப்பில் வாய்மொழித் தேர்வை முடித்தவன் நான். வீட்டுக்கு வீடு இரத்தச் சர்க்கரை பார்க்கும் இந்தத் தீவில் இதைவிடப் பொருத்தமான தலைப்பு இல்லை என்பது என் எண்ணம்.

ஏற்பிகளின் படங்களை மனப்பாடம் செய்வதற்கு முன் நீரைப் பற்றி யோசியுங்கள். ஒரு லிட்டர் நீரில் சுமார் 55 மோல் நீர் இருக்கிறது. இரத்தத்தில் குளுக்கோஸ் லிட்டருக்கு 5 மில்லிமோல் அளவுதான். ஒரு குளுக்கோஸுக்குப் பதினோராயிரம் நீர் மூலக்கூறுகள்! குளுக்கோஸின் உடல் முழுவதும் இருக்கும் ஹைட்ராக்சில் (OH) தொகுதிகளோ நீரைப் போலவே நடந்துகொள்கின்றன. 1988இல் ஜப்பானிய வேதியியலாளர் யசுஹிரோ அவோயாமாவின் குழு சர்க்கரையைப் பிடித்துக் காட்டியது நீரோடு கலக்காத கரைப்பானான கார்பன் டெட்ராகுளோரைடில், நீரில் அல்ல. ஏன் என்று உங்களால் சொல்ல முடிந்தால் பாதித் தேர்வு முடிந்தது.

அடுத்து, குளுக்கோஸ் வளையத்தின் இரு வகைகளான ஆல்பா, பீட்டாவில் பீட்டாவின் நாற்காலி போல மடிந்த வடிவத்தைக் கையால் வரைந்து பழகுங்கள். ஹைட்ராக்சில் தொகுதிகள் எல்லாம் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். மேலும் கீழும் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்புகள் மட்டுமே. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் அந்தோணி டேவிஸ் வடிவமைத்த ஏற்பிகளில் அரோமாட்டிக் (பென்சீன் போன்ற தட்டையான வளைய) தளங்கள் கூரையாகவும் தரையாகவும் நின்று அந்த நீர்விலக்குப் பரப்புகளைத் தழுவுகின்றன. இடையிலுள்ள அமைடு, யூரியா தூண்கள் பக்கவாட்டு ஹைட்ராக்சில்களோடு ஹைட்ரஜன் பிணைப்பு கொள்கின்றன. குளுக்கோஸை ஒத்த இன்னொரு சர்க்கரையான காலக்டோஸில் நான்காம் கார்பனின் ஹைட்ராக்சில் மேல்நோக்கித் திரும்பிக் கூரையில் இடிக்கும். இதை வரைந்துகொண்டே விளக்குங்கள். தேர்வாளர் முகம் மலரும்.

சர்க்கரையின் ஹைட்ராக்சில்களோடு நேரடியாகப் பிணையும் போரான் சேர்மங்களான போரோனிக் அமிலங்களையும் விட்டுவிடாதீர்கள். எளிய பீனைல்போரோனிக் அமிலம் குளுக்கோஸைவிட பிரக்டோஸையே விரும்பும். இரண்டு போரோனிக் அமிலங்களைச் சரியான தூரத்தில் நிறுத்தி வேதியியலாளர்கள் ஷின்காய், டோனி ஜேம்ஸ் ஆகியோர் குளுக்கோஸுக்கு வழிசெய்தார்கள் என்ற அளவு போதும்.

நேரம் செலவழிக்க வேண்டிய கேள்வி வேறு: பிணைப்பு மாறிலி (ஏற்பி சர்க்கரையை எவ்வளவு வலுவாகப் பிடிக்கிறது என்பதைக் காட்டும் எண்) பெரிதாக இருந்தால் எப்போதும் நல்லதா? டேவிஸ் குழுவின் 2012ஆம் ஆண்டு ஏற்பியின் மாறிலி 56. 2019இல் வெளிவந்தது சுமார் 18,000. பின்னதன் சாதனை பெரிது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 மில்லிமோல் குளுக்கோஸில் அந்த ஏற்பியின் ஏறக்குறைய 99 சதவீதம் சர்க்கரையால் நிறைந்துவிடும். சர்க்கரை 10 மில்லிமோலாக ஏறினாலும் அரைச் சதவீதம்தான் கூடும். நேரடியாக அளக்கும் உணரிக்கு அது பயன்படாது. பழைய ஏற்பியோ 22 சதவீதத்திலிருந்து 36க்கு ஏறும். மாறிலி 200 அளவில் இருந்தால் 5 மில்லிமோலில் சரியாகப் பாதி நிறையும். எதற்காக வடிவமைக்கிறோம் என்பதே எண்ணின் மதிப்பைத் தீர்மானிக்கிறது என்று இந்தக் கணக்கோடு சொல்லுங்கள்.

ஆய்வகத்தில் என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) அளவீடு செய்பவர்கள் குளுக்கோஸ் கரைசலை முந்தைய நாளே தயாரித்து வைக்க வேண்டும். ஆல்பாவும் பீட்டாவும் சுமார் 36-க்கு 64 என்ற சமநிலைக்கு வர நேரம் பிடிக்கும். ஏன் ஒரு இரவு காத்திருந்தீர்கள் என்று என்னிடம் கேட்டார்கள், உங்களிடமும் கேட்பார்கள்.