வெளுத்துப்போன டெயில் லைட்டுக்கு மீண்டும் சிவப்பு ஏற்றிய அனுபவம்

அப்பா 1997ஆம் ஆண்டு வாங்கிய மாருதி 800 இன்னும் எங்கள் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. இத்தனை ஆண்டுகளும் அதன் பின்பக்கம் மேற்கு வெயிலைப் பார்த்தே நின்றதால், டெயில் லைட்டின் சிவப்பு வெளுத்து ரோஸ்மில்க் நிறத்துக்கு வந்துவிட்டது. சென்னையில் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் இரண்டு நாள் தேடியதில் கிடைத்த பழைய கண்ணாடிகளும் இதே கதியில்தான் இருந்தன. புதிதாகக் கிடைத்த ஒன்றோ பாடியோடு சரியாகப் பொருந்தாமல் இடைவெளி விட்டது. ஆகவே, டின்ட் எனப்படும், ஒளி ஊடுருவும் சிவப்பு லேக்கரை ஸ்ப்ரே கேனில் வாங்கி நானே அடிப்பது என்று முடிவு செய்தேன்.

கதவுக்கோ பானட்டுக்கோ பெயின்ட் அடித்துப் பழகியவர்கள் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. சாதாரண பெயின்ட் அடியில் இருப்பதை முழுவதும் மூடிவிடும். ஓரிடத்தில் தடிமன் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் நிறம் மாறாது. டின்ட் அப்படியல்ல. அதில் தடிமன்தான் நிறம். லேக்கர் வழிந்த இடம் கருஞ்சிவப்புக் கோடாகத் தெரியும்; தேய்த்த இடம் வெளுக்கும்; ஸ்ப்ரேயின் இரண்டு வீச்சுகள் ஒன்றன்மேல் ஒன்று கூடுதலாகப் படிந்த இடம் பட்டையாகத் தெரியும். பகலில் கண்ணுக்குப் படாத இந்தக் குறைகள், உள்ளே பல்பு எரிந்தவுடன் ஒன்று விடாமல் வெளியே வந்துவிடும்.

முதல் முயற்சியில் இதை அறியாமல்தான் இறங்கினேன். அது ஐப்பசி மாதம். சென்னையில் மழை விட்டிருந்த ஒரு பிற்பகல். மூன்றாவது கோட் அடித்து முடித்த சில நிமிடங்களில், சிவப்பின் மேல் பாலாடை படர்ந்ததுபோல் ஒரு வெண்மை பரவியது. லேக்கரில் உள்ள தின்னர் என்னும் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு சட்டென்று குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ந்த பரப்பில் நீர் படிந்து, காயும் லேக்கருக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது. பெயின்டர்கள் இதற்கு மெதுவாக ஆவியாகும் தின்னரைச் சேர்ப்பார்கள். ஸ்ப்ரே கேனில் அதற்கு வழியில்லை என்பதால், வறண்ட நாளாகப் பார்த்துக் காலை பத்து மணிக்கு மேல் அடிப்பது ஒன்றுதான் உறுதியான வழி.

அதே கண்ணாடியின் கீழ் ஓரத்தில், ஸ்க்ரூ துளைக்கு அருகே, நெல்மணி அளவில் லேக்கர் வழிந்து உறைந்திருந்தது. மறுநாள் 1500 எண் வாட்டர் பேப்பரால், அதாவது தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளால், அதைத் தேய்த்தேன். மேடு சமமானது, ஆனால் அதைச் சுற்றி ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்பு கரைந்து, அடியிலிருந்த வெளிறிய பிளாஸ்டிக் எட்டிப் பார்த்தது. அந்த இடத்தில் மட்டும் திரும்ப அடித்தால் சுற்றுப்புறம் இன்னும் இருண்டுவிடும். எனவே முழுக் கண்ணாடியையும் தேய்த்து முதலிலிருந்து தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

அப்போது தின்னரால் துடைத்து எடுத்துவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். டெயில் லைட் கண்ணாடிகள் பெரும்பாலும் அக்ரிலிக்கால் ஆனவை. தின்னரோ அசிட்டோனோ பட்டால், வார்ப்பிலேயே அதற்குள் தங்கியிருக்கும் இழுவிசை விடுபட்டு, சிலந்தி வலைபோல் மயிரிழை விரிசல்கள் ஓடும். அதற்கு மருந்தே கிடையாது. நான் 800 எண் தாளில் தொடங்கி 1000 வரை, சோப்புத் தண்ணீரோடு பொறுமையாகத் தேய்த்தே பழைய லேக்கரை எடுத்தேன்.

இரண்டாம் முறை, சுத்தம் செய்வதிலேயே பாதி நாளைச் செலவிட்டேன். டாஷ்போர்டுக்கும் டயருக்கும் போடும் பாலிஷ்கள் பலவற்றில் சிலிக்கோன் இருக்கும்; அதன் சுவடு துளி இருந்தாலும் லேக்கர் அந்த இடத்தைவிட்டு விலகி, மீன் கண் போன்ற சிறு பள்ளங்கள் விழும். பாத்திரம் கழுவும் திரவத்தால் கழுவிய பின் தண்ணீரை ஊற்றிப் பார்க்க வேண்டும். தண்ணீர் முத்து முத்தாகப் பிரியாமல் ஒரே படலமாக வழிந்தால் பரப்பு சுத்தமாகிவிட்டது என்று பொருள். ஆரஞ்சு இண்டிகேட்டர், வெள்ளை ரிவர்ஸ் விளக்கு ஆகிய பகுதிகளை மாஸ்கிங் டேப்பால் மூடிவிட வேண்டும்.

கேனை வெதுவெதுப்பான தண்ணீரில் சிறிது நேரம் வைத்து, இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கினால் தூவல் மென்மையாக விழும். ஒரு சாண் தூரத்தில் பிடித்து, கண்ணாடிக்கு வெளியே தொடங்கி வெளியே முடித்து, முந்திய வீச்சின் பாதியை அடுத்த வீச்சு மூடும்படி அடித்தேன். தூரம் கூடினால் துளிகள் வழியிலேயே காய்ந்து சொரசொரப்பாகும், குறைந்தால் வழியும். ஒரு கோட் குறுக்காக, அடுத்தது நெடுக்காக. இடது வலது இரண்டையும் அருகருகே வைத்து ஒரே எண்ணிக்கையில் வீச வேண்டும். ஒவ்வொரு கோட்டுக்குப் பிறகும் கண்ணாடியின் பின்னால் டார்ச்சைப் பிடித்துப் பார்த்தேன். எனக்குப் பெரிதும் கைகொடுத்த பழக்கம் இதுதான்.

என் அண்ணன் மகன் தன் காருக்கு ஸ்மோக் டின்ட் அடித்துத் தரும்படி கேட்டான், மறுத்துவிட்டேன். சிவப்பு டின்ட் சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் விட்டுவிடும். கறுப்போ எல்லா நிறத்தையும் விழுங்கும். ஒரு கோட் 80 சதவீத ஒளியை விடுவதாக வைத்துக்கொண்டாலும், மூன்று கோட்டில் மிஞ்சுவது 51 சதவீதம்தான். ரிஃப்ளெக்டரில் ஒளி உள்ளே போய்த் திரும்பி வர வேண்டும் என்பதால் அங்கே 26 சதவீதமே தேறும். இருட்டில் பின்னால் வரும் லாரிக்காரருக்கு நம்மைக் காட்டிக்கொடுப்பது அந்த ரிஃப்ளெக்டர்தான். வண்டியைத் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் தடுக்கிறது.

சிவப்பு போதுமான அளவுக்கு வந்ததும் அதைத் தொடவே கூடாது. ஆரஞ்சுத் தோல் போன்ற மேடுபள்ளமோ, ஒட்டிய தூசியோ எதுவாக இருந்தாலும் அப்படியே விட்டு, மேலே நான்கு கோட் கிளியர், அதாவது நிறமற்ற லேக்கர், அடித்தேன். திருத்தம் எல்லாம் அந்தக் கிளியருக்குள்தான் நடக்க வேண்டும். பத்து நாள் நன்றாகக் காயவிட்டு, 1500, 2000, 3000 என்று வரிசையாக வாட்டர் பேப்பரால் தேய்த்தேன். தேய்க்கும் தண்ணீர் வெள்ளையாக ஓடும்வரை கவலையில்லை. அதில் இளஞ்சிவப்பு கலந்தால் கிளியரைத் தாண்டி டின்ட்டைத் தொட்டுவிட்டோம் என்று அறிந்து அந்த நொடியே நிறுத்த வேண்டும். வலது கண்ணாடியின் விளிம்பில் ஒருமுறை அப்படித் தெரிந்தது. உடனே நிறுத்திக் காயவைத்து, மேலும் இரண்டு கோட் கிளியர் கொடுத்த பிறகே தொடர்ந்தேன். விளிம்புகளில் கிளியர் எப்போதும் மெல்லியதாகவே படியும் என்பதால், இடது கண்ணாடியில் விளிம்பைத் தாளால் தொடாமல் காம்பவுண்ட் என்னும் பாலிஷ் பசையால் மட்டும் மெருகேற்றினேன்.

கண்ணாடிகளைப் பொருத்திய அன்று இரவு அப்பா வண்டியில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தார். நான் தெருமுனை வரை நடந்து போய்த் திரும்பிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே சிவப்பு.