அக்கா வீட்டுக் கணினி

சுங்கை சிப்புட்டில் எங்கள் எதிர்வீட்டு அக்கா நேற்று இரவு கூப்பிட்டார். "தம்பி, பார்சல் ரசீதுன்னு மின்னஞ்சல் வந்துச்சு. திறந்தேன். அப்புறம் ஒரு படமும் திறக்க மாட்டேங்குது."

மாமா தோட்டத்தில் பால் வெட்டிய காலத்துப் படங்கள், லயத்து வீட்டுப் பொங்கல், மகளின் பட்டமளிப்பு எல்லாம் அந்தக் கணினியில்தான். வேறு பிரதி இல்லை. மனசே ஆறவில்லை எனக்கு.

வந்த கோப்பு பார்க்க பிடிஎஃப் போலவே இருந்தது. விண்டோஸ் கோப்புப் பெயரின் வால் பகுதியை வழக்கமாக மறைத்துவிடும். அங்கேதான் இஎக்ஸ்இ (.exe), அதாவது திறந்தவுடன் ஓடும் நிரல் என்பதைக் காட்டும் நீட்சி ஒளிந்திருந்தது. 2000 மே மாதம் உலகையே ஆட்டிய ஐ லவ் யூ வைரசும் இப்படித்தான் வந்தது. எழுத்துக் கோப்பு போலத் தோன்றும், உள்ளே நிரல். திறந்தவரின் அவுட்லுக் முகவரிப் பட்டியலில் இருந்த எல்லாருக்கும் தன்னையே அனுப்பிக்கொண்டது. அதனால் தெரிந்தவர் அனுப்பியது என்றாலும் ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுத் திறங்கள்.

எக்ஸ்புளோரரின் 'வியூ' பகுதியில் கோப்பு நீட்சிகளைக் காட்டும்படி மாற்றிவிடுங்கள். ஒரு நிமிட வேலை. வேர்ட், எக்செல் கோப்பு 'எனேபிள் கன்டென்ட்' அழுத்தச் சொன்னால் அழுத்தவே வேண்டாம், உள்ளே மறைந்திருக்கும் நிரல் ஓடிவிடலாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது, அதையும் கவனியுங்கள். வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் உடனே வங்கிக்கோ மலேசியாவின் மோசடிப் புகார் எண்ணான 997-க்கோ அழையுங்கள்.

சனிக்கிழமை காலை வீட்டில்தான் இருப்பேன். தாமான்காரர்கள் யாராக இருந்தாலும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் எடுத்துக்கொண்டு வாங்க. படங்களைப் பிரதி எடுத்துக் கழற்றித் தருகிறேன்.